கரிசல் காட்டுக்கு ஒரு பொம்மைத் தீயணைப்பு வண்டி

அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல் திருவிழாவின்போது கடைத்தெருவில் நடந்து பாருங்கள். ஊதுகுழல், பலூன், வளையல், பிளாஸ்டிக் யானை இவற்றுக்கு நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு தீயணைப்பு வண்டி கட்டாயம் இருக்கும். அதன் முதுகில் நீண்ட ஏணி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். விரலால் தூக்கினால் ஏணி உயரும், திருப்பினால் சுழலும். குழந்தைக்கு அந்த ஏணிதான் விளையாட்டு.

அதே பங்குனி, சித்திரை மாதங்களில்தான் ஊரைச் சுற்றியுள்ள களங்களில் வைக்கோல் படப்புகள் உலர்ந்து நிற்கும். வீட்டுக் கொல்லையில் விறகுக்காகப் பருத்திமாரை அடுக்கி வைத்திருப்பார்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருப்பார்கள். கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். இந்த வேளையில் ஒரு படப்பு தீப்பற்றினால் மணியடித்துக்கொண்டு வரும் உண்மையான வண்டியையும் நீங்கள் கண்டிருக்கக் கூடும். அந்த வண்டியில் பொம்மையில் உள்ளதைப் போன்ற ஏணியைக் கண்டீர்களா? சிறியதோர் ஏணி கூரைமேல் கட்டப்பட்டிருக்கும், அவ்வளவே. வண்டியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி.

பொம்மைக்கும் உண்மைக்கும் ஏன் இந்த வேற்றுமை? கடையில் வாங்கிய பொம்மையை நம் ஊர் வண்டியாக மாற்றிக் கட்ட முனைந்தால் இதற்கு விடை கிடைக்கும். அவ்வாறு மாற்றிக் கட்டுவது மேல்நாடுகளில் பெரியவர்களும் ஈடுபடும் ஒரு பொழுதுபோக்கு. கடைப் பொம்மையை வாங்கி, பிரித்து, வண்ணம் மாற்றி, தம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் நிற்கும் வண்டியைப் போலவே ஆக்கிவிடுவார்கள். சேகரிப்போர் இதற்கென ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அது ‘கோடு 1’. தயாரித்தவர் இசைவோடு பிறர் மாற்றியது ‘கோடு 2’. யாரையும் கேளாமல் நாமே வீட்டுத் திண்ணையில் மாற்றியது ‘கோடு 3’. நாம் செய்யப்போவது மூன்றாவது வகை.

தீப்பெட்டிக்குள் அடங்கிய வண்டி

சின்னஞ்சிறு உலோக வண்டிகளுக்கும் நம் வறண்ட பூமிக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1950-களின் தொடக்கத்தில் இலண்டனில் லெஸ்னி என்ற நிறுவனத்தின் பங்காளியான ஜாக் ஓடெல் என்பவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே விளையாடக் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். மகளுக்காக அவர் தீப்பெட்டி அளவில் ஒரு சாலை உருளை எந்திரத்தைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே 1953-இல் விற்பனைக்கு வந்த ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை. அவ்வரிசையில் ஒன்பதாம் எண்ணாக 1955-இல் வந்தது ஒரு டென்னிஸ் தீயணைப்பு வண்டி. தீ மூட்டும் பெட்டிக்குள் தீ அணைக்கும் வண்டி!

நம் பக்கத்தில் கதை தலைகீழ். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய பிறகு, சுற்று வட்டாரச் சிற்றூர்களிலெல்லாம் தீப்பெட்டிக் கட்டு வீட்டுத் தொழிலாயிற்று. இங்கே குழந்தைகளுக்கு வண்டி தீப்பெட்டிக்குள் வரவில்லை, தீப்பெட்டியே வண்டியாயிற்று. நான்கு சோடா மூடியும் இரண்டு ஈர்க்கும் இருந்தால் காலிப் பெட்டி லாரியாகிவிடும். ஒன்றை நாமே மாற்றிக் கட்டும் பழக்கம் ஆகவே நமக்குப் புதிதன்று.

அந்த இலண்டன் பொம்மையின் முதுகிலிருந்தது சக்கரம் வைத்த பெரிய ஏணி. மூன்று, நான்கு மாடிகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருக்களில் மேல்மாடியில் சிக்கியவர்களை இறக்க அப்படிப்பட்ட ஏணிதான் முதல் தேவை. தண்ணீரைப் பற்றி அவர்களுக்குக் கவலை குறைவு. தெருவுக்கு அடியில் நகராட்சியின் அழுத்தக் குழாய் ஓடும். மூடியைத் திறந்து வண்டியின் குழாயை மாட்டினால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்க நகரங்களின் வண்டிகளும் பெரும்பாலும் 500 காலன், அதாவது 1900 லிட்டர் அளவில் மட்டுமே தண்ணீர் கொண்டு செல்லும். தெருமுனைக் குழாயை மாட்டும் வரையில் சமாளிப்பதற்கே அந்தத் தண்ணீர்.

திருச்சுழி வட்டத்தில் ஒரு சிற்றூரில் இறங்கித் தெருமுனைக் குழாயைத் தேடினால் என்ன கிடைக்கும்? ஆகவே நம் வண்டி, தன் தண்ணீரைத் தானே சுமந்து வர வேண்டும். தமிழ்நாட்டு நிலையங்களில் வழக்கமாகக் காணும் தண்ணீர் வண்டியின் தொட்டி 4500 லிட்டர் கொள்ளும். நான்கரை டன் எடை! பொம்மையில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இப்போது விளங்கும். ஏணியைக் கழற்ற வேண்டும், தொட்டியை ஏற்ற வேண்டும்.

சொல்லப்போனால் தீயணைப்புப் பொம்மையை வாங்குவதைவிட ஒரு சாதாரண லாரிப் பொம்மையை வாங்குவதே மேல். நம் வண்டிகளும் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவையே.

அளவுக் கணக்கு

எந்தப் பொம்மையை வாங்கினாலும் அதன் அளவு விகிதத்தை முதலில் அறிய வேண்டும். இதற்கு எளிய வழி சக்கரம். பெரிய லாரியின் டயர் ஏறத்தாழ 1050 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பொம்மையின் சக்கரம் 24 மி.மீ. இருந்தால் விகிதம் ஏறக்குறைய 1:43. 16 மி.மீ. இருந்தால் 1:64. இந்த 43 என்ற விசித்திரமான எண், பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில் ரயில் செய்தவர்கள், அதனருகே நிறுத்துவதற்கு அதே கணக்கில் கார்களையும் செய்தார்கள்.

1:43 என்றால் நீளம் 43-இல் ஒரு பங்கு. பரப்பு 43×43, அதாவது 1849-இல் ஒரு பங்கு. கன அளவோ 43×43×43, அதாவது 79,507-இல் ஒரு பங்கு! 4500 லிட்டர்த் தொட்டி இந்த விகிதத்தில் எவ்வளவு கொள்ளும்? வகுத்துப் பாருங்கள்: 57 மில்லிலிட்டர். டீக்கடைக் கண்ணாடிக் குவளையில் பாதி. 1:64 வண்டியிலோ வெறும் 17 மில்லிலிட்டர், மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். பள்ளியில் கன அளவுப் பாடத்தைப் படித்துத் தேர்வில் எழுதியவர்கள்கூட இந்த விடையைக் கண்டு ஒருமுறை சந்தேகப்பட்டு மீண்டும் வகுத்துப் பார்ப்பார்கள்.

எடையிலும் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரோடு 16 டன் எடையுள்ள வண்டியை 1:64 ஆக்கினால் 61 கிராம் வர வேண்டும். நாகரீகக் கடைகளில் விற்கும் உலோகப் பொம்மையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அது இந்த எடைக்கு வெகு தொலைவில் இராது. தடித்த உலோகச் சுவர் வைத்து வார்த்ததால் வந்த தற்செயல் இது.

தொட்டியைக் கட்டுவது எளிது. 2.25 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் உயரம் இருந்தால் 4500 லிட்டர். 1:43-இல் இது 52 மி.மீ., 58 மி.மீ., 19 மி.மீ. பழைய பிளாஸ்டிக் டப்பாவின் தட்டையான பகுதியை வெட்டிப் பசையால் ஒட்டலாம். ஒட்டுமுன் உள்ளே குறுக்கே இரண்டு தடுப்புகளை வைக்க மறக்காதீர்கள். அவற்றில் கீழும் மேலும் துளையிடுங்கள். ஏன் என்பதை அறியத் தடுப்பில்லாத தொட்டி ஒன்றையும் செய்து, இரண்டிலும் பாதி தண்ணீர் ஊற்றி, வண்டியை இழுத்துச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். தடுப்பில்லாத தொட்டியில் தண்ணீர் முழுவதும் முன்னே பாய்ந்து மோதும். வண்டி நின்ற பிறகும் நகரும். டன் கணக்கான தண்ணீர் கிராமத்துச் சாலையின் வளைவில் இப்படிப் பாய்ந்தால் வண்டி குடைசாய்ந்துவிடும் அன்றோ? உண்மைத் தொட்டிகளில் அதனால்தான் தடுப்புத் தகடுகள் உண்டு.

இரண்டரை நிமிடத் தண்ணீர்

நான்கரை ஆயிரம் லிட்டர் என்பது பெரிதாகத் தோன்றுகிறது. நிமிடத்துக்கு 1800 லிட்டர் தள்ளவல்ல பம்பு முழு வேகத்தில் இயங்கினால் தொட்டி இரண்டரை நிமிடத்தில் காலி. எனவே வீரர்கள் முழு வேகத்தில் பாய்ச்சுவதில்லை, அளந்தே செலவிடுகிறார்கள்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு தீயை அடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோ தண்ணீர் கொதிநிலையை எட்ட 70 கிலோ கலோரியும், ஆவியாக மேலும் 540 கிலோ கலோரியும் வேண்டும். ஆக 610. ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் எரிந்தால் ஏறத்தாழ 3500 கிலோ கலோரி வெளிவரும். அந்த வெப்பம் முழுவதையும் விழுங்க ஆறு லிட்டர்த் தண்ணீர் தேவை. அதுவும் ஒரு சொட்டும் தரையில் ஓடாமல் அனைத்தும் ஆவியானால்தான். இந்தக் கணக்கில் ஒரு வண்டித் தண்ணீர் 800 கிலோ வைக்கோலின் வெப்பத்துக்கே ஈடு. ஓர் ஏக்கர் நெல்லின் வைக்கோலே ஒரு டன்னுக்கு மேல் வரும்.

முழுவதும் பற்றிக்கொண்ட படப்பை வீரர்கள் அணைக்க முயலாமல், பக்கத்துப் படப்புகளையும் கூரைகளையும் நனைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, ‘வந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்’ என்று ஊரார் சினப்படுவதுண்டு. மேலே போட்ட கணக்கை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எரிவதை எரியவிட்டு எரியாததைக் காப்பதுதான் அங்கே சரியான வேலை. பிறகு படப்பைக் கொக்கியால் பிரித்துப் போட்டு, கனல் இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் விடுவார்கள்.

இதனால் நம் பொம்மைக்கு ஏணியைவிட முக்கியமான ஒரு கருவி வெளிப்படுகிறது: நீண்ட கழியின் முனையில் இரும்புக் கொக்கி. பற்றிய கூரையைப் பிய்த்து இழுத்துத் தள்ளவும் அதுவே உதவும். கூரைத் தீ எத்தனை விரைவானது என்பதைத் தமிழ்நாடு இருமுறை கொடிய விலை கொடுத்துக் கண்டது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கூரைக் கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டனர். 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். கீற்றுக் கூரை சில நிமிடங்களில் எரிந்து விழுந்துவிடும். நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டரில் உள்ள ஓர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வந்தாலும் 22 நிமிடம் ஆகும். வண்டி எவ்வளவு நல்லதாயினும் இந்தக் கழித்தல் கணக்கை அதனால் மாற்ற முடியாது.

கொக்கியை ஈர்க்கின் முனையில் குண்டூசியை வளைத்துக் கட்டிச் செய்யலாம். 1:43-இல் 7 செ.மீ. ஈர்க்கு, மூன்று மீட்டர்க் கழியாகும்.

கிணறு இருக்கிறதே!

‘ஊரைச் சுற்றித் தோட்டக் கிணறுகள் இருக்கின்றனவே, வண்டியின் பம்பால் உறிஞ்சிக்கொள்ளலாமே’ என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. வண்டியில் தடித்த உறிஞ்சு குழாய்களும் உண்டு. ஆனால் இங்கேதான் இயற்கை ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது.

பம்பு தண்ணீரை ‘இழுக்கிறது’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எந்தப் பம்பும் இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அது வெளியேற்றுகிறது. வெளியே கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம், வெற்றிடமான குழாய்க்குள் நீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தின் வலிமை 10.3 மீட்டர் உயர நீர்த் தூணைத் தாங்கும் அளவுக்குத்தான். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் உள்ள பம்பை வைத்தாலும் நீர் ஏறாது. குழாயின் உராய்வு, மூட்டுகளில் காற்றுக் கசிவு, நீரின் ஆவியழுத்தம் எல்லாம் போக, களத்தில் ஏழு மீட்டர் கிடைத்தால் நன்று. அதாவது 23 அடி.

கோடையில் 50 அடிக்குக் கீழே நீர் இறங்கிவிட்ட கிணறு இப்பகுதியில் அரியதன்று. கண்ணுக்குத் தெரியும் தண்ணீர், வண்டிக்குக் கிடைக்காது. கண்மாயில் நீர் நிற்கும் கார்த்திகை, மார்கழியில் கரையில் வண்டியை நிறுத்தி உறிஞ்சலாம். தீ மிகுதியாகப் பற்றும் காலத்திலோ கண்மாயே இல்லை. பழந்தமிழர் வெட்டிய ஊருணிகள் தூர்ந்துபோகாமல் இருக்கும் ஊர்களுக்கு இந்த வகையிலும் ஓர் ஆதாயம் உண்டு.

மாற்று என்ன? கிணற்றுக்குள் மூழ்கியிருக்கும் உழவரின் மோட்டார். அது கீழிருந்து தள்ளும் வகையாதலால் வளிமண்டல எல்லை அதைக் கட்டுப்படுத்தாது. விநாடிக்கு ஐந்து லிட்டர் இறைக்கும் மோட்டார் என்று வைத்துக்கொண்டால் தொட்டி நிறையக் கால்மணி நேரம். மின்சாரம் இருக்க வேண்டும், மோட்டாரின் குழாய் தொட்டியின் வாய்க்கு எட்ட வேண்டும். ஆகவே பொம்மைத் தொட்டியின் மேல் அகன்ற மூடியுள்ள ஒரு வாய் வையுங்கள். பொம்மை செய்வோர் பலர் விட்டுவிடும் உறுப்பு இது.

திண்ணைப் பட்டறை

இனிக் கைவேலை. உலோகப் பொம்மையின் அடியில் மேல்கூட்டையும் அடித்தட்டையும் இணைத்து நசுக்கிய குமிழ்கள் இரண்டு தெரியும். கைத்துளைப்பானால் குமிழின் தலையை மட்டும் மெல்லத் துருவினால் வண்டி இரண்டாகப் பிரியும். திரும்பப் பூட்டச் சிறு திருகாணி போதும்.

இந்த உலோகம் இரும்பன்று. துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும், சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்த ‘ஸமாக்’ என்னும் கலவை. 400 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே உருகுவதால் நுட்பமான அச்சிலும் வழிந்தோடி நிறையும். துத்தநாகத்தில் காரீயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் இக்கலவைக்கு ஒரு நோய் பிடிக்கும். ஈரக் காற்றில் உலோக மணிகளின் ஓரங்களில் அரிப்பு ஓடி, பொம்மை உப்பி, வெடித்து, ஒரு நாள் கையிலேயே பொடியாகும். 1930-களில் செய்த பொம்மைகள் பல இப்படி மாண்டன. தாத்தா காலத்துப் பொம்மை வீட்டில் இருந்தால், மயிரிழை வெடிப்பு உண்டா என்று உருப்பெருக்கியால் பார்க்காமல் துளைப்பானை வைக்காதீர்கள். அதை மாற்றிக் கட்டாமல் அப்படியே வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

வண்ணத்தை நீக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் வழி சில கைவினை நூல்களில் உண்டு. அது வேண்டாம். காரம் கண்ணுக்குப் பகை. தவிரவும் துத்தநாகமும் அலுமினியமும் காரத்தில் கரைந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை விடும். உப்புத்தாளை உலர்வாகத் தேய்ப்பதும் கூடாது. பழைய வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் இருந்தன. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாதென்று கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வந்து 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அத்தூளை மூச்சில் இழுத்தால் உடலில் தங்கும், சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நீரில் நனைத்தே தேயுங்கள், கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பழைய வண்ணத்தின் மேலேயே புது வண்ணம் பூசினாலும் குற்றமில்லை.

உறுப்புகளுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சைக்கிள் வால்வு டியூப், உறிஞ்சு குழாய்க்கு ஏறத்தாழச் சரியான பருமன். தீக்குச்சி 2 மி.மீ. தடிப்பு, அது 1:43-இல் ஏணியின் பக்கச் சட்டமாக அமையும், படிகளுக்கு ஈர்க்கு. (மருந்து முனையை நறுக்கி எறிந்துவிடுங்கள், எறியுமுன் நனையுங்கள்.) தண்ணீர் பாய்ச்சும் துணிக்குழாய் 63 மி.மீ. விட்டமுடையது. ஆனால் சுருட்டி வைக்கும்போது அது தட்டையாக இருக்கும். தட்டையான அகலம் வட்டச் சுற்றளவில் பாதி, அதாவது 99 மி.மீ. பொம்மையில் 2.3 மி.மீ. இந்த அகலத்துக்கு வெள்ளைத் துணி நாடாவை வெட்டிச் சுருட்டி, பிரிந்துவிடாமல் ஒரு துளி பசை வைத்தால் அசல் சுருள்தான்.

தண்ணீர் பீச்சுமா?

தொட்டி கட்டிய ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆசை இதுதான். தொட்டியில் ஓட்டை போட்டு, அளவு விகிதப்படி மெல்லிய முனைக்குழலைப் பொருத்துகிறீர்கள். உண்மை முனையின் துளை 20 மி.மீ. என்றால் பொம்மையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்கும்.

தண்ணீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல் போல இழுத்துப் பிடிக்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. துளை சிறுத்தால் அதன் பிடி வலுக்கும். அரை மில்லிமீட்டர்த் துளையிலிருந்து சொட்டு உடைந்து வெளியேற ஏறக்குறைய ஆறு செ.மீ. உயர நீரின் அழுத்தம் வேண்டும். நம் தொட்டியின் உயரம் இரண்டு செ.மீ. கூட இல்லை. பெரிய வண்டியின் 20 மி.மீ. துளையில் இந்த விசை இருப்பதே தெரியாது. வண்டியைச் சுருக்கினோம், தண்ணீரைச் சுருக்க முடியவில்லை. எறும்பு ஒரு துளி நீரில் சிக்கிக்கொண்டு தவிப்பதும் இதே காரணத்தால்தான்.

வழி இருக்கிறது. உண்மைப் பம்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோகிராம் அழுத்தம் தருகிறது. அது 70 மீட்டர் நீர்த் தூணுக்குச் சமம். பொம்மைக்கு 43-இல் ஒரு பங்கு, 1.6 மீட்டர். ஊசி நீக்கிய பிளாஸ்டிக் மருந்துப் பீச்சாங்குழலை வால்வு டியூபால் இணைத்து மெல்ல அழுத்தினாலே இது கிடைக்கும். பந்துமுனை உதிர்ந்துபோன பேனா ரீஃபில் நல்ல முனைக்குழல். பாயும்போது கூர்ந்து பாருங்கள். நீர் மிக விரைவாக எழுந்து மிக விரைவாக விழும். பொம்மையின் உயரங்கள் சுருங்கினாலும் புவியீர்ப்பு சுருங்கவில்லையே! 1:64 பொம்மை வண்டி தீயணைக்கும் காட்சியைத் திரைப்படத்தில் உண்மைபோலக் காட்ட வேண்டுமானால், 64-இன் வர்க்க மூலமான எட்டு மடங்கு வேகத்தில் படம்பிடித்து மெல்ல ஓட்டிக் காட்டுவார்கள்.

சிவப்பா, மஞ்சளா?

வண்ணம் பூசுமுன் ஒரு சோதனை. ஒரே மாதிரியான இரண்டு தீப்பெட்டிகளில் ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்குப் பசுமை கலந்த எலுமிச்சை மஞ்சளும் பூசுங்கள். பகலில் கரிசல் மண்ணின் மேல் வைத்தால் சிவப்பு எடுப்பாகத் தெரியும். அங்கேயே உட்கார்ந்திருங்கள். பொழுது சாய்ந்து அந்தி கருக்கும்போது சிவப்பு மெல்ல மங்கிக் கடைசியில் கரிசலோடு கரிசலாகக் கறுத்துவிடும். மஞ்சள் வெளிறிய நிறமாக இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

பகலில் நம் கண்ணின் கூம்புச் செல்கள் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சையை மிக நன்றாக உணர்கின்றன. இருளில் வேலை செய்யும் குச்சிச் செல்களோ 507 நானோமீட்டர்ப் பக்கம் சாய்ந்தவை. சிவப்பு அவற்றுக்குப் புலப்படுவதே இல்லை. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னார். அமெரிக்காவின் டல்லஸ் நகர வண்டிகளை ஆராய்ந்து 1995-இல் வெளியான கட்டுரையும், எலுமிச்சை மஞ்சள் வண்டிகளைவிடச் சிவப்பு வண்டிகளே பிற ஊர்திகளோடு மோதும் விபத்துகளில் மிகுதியாகச் சிக்கின என்று கண்டது. ஆயினும் நம் ஊரில் சிவப்பைக் கண்டால்தான் மக்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். பழக்கத்துக்கும் ஒரு வலிமை உண்டு. ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டைகளைச் சிவப்பின் மேல் ஒட்டுவது இரண்டுக்கும் நடுவழி. பொம்மைக்கு மிட்டாய் உறையின் வெள்ளித்தாள் போதும்.

அளவெடுக்க ஒரு வாரம்

அசலைப் பார்க்காமல் நகல் செய்ய முடியாது. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்திப் பொதிகளும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்தபோது, தீயணைக்கச் சென்ற வீரர்கள் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறார்கள். அவ்வாரத்தில் நிலையங்களில் கருவிகளை மக்களுக்குக் காட்டி விளக்குவார்கள். ஆசிரியர் ஒருவரோடு சென்று நிலைய அலுவலரிடம் இசைவு பெற்று அளந்துகொள்ளலாம். மணியடித்தால் உடனே விலகி நின்றுவிட வேண்டும்.

முதலில் சக்கரத்தின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். பிறகு இரு சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம், பிறகு தொட்டி. பொம்மையில் மற்றவற்றை எப்படியும் வெட்டி ஒட்டிவிடலாம், சக்கரத்தை மட்டும் வீட்டில் செய்வது கடினம். அது பொருந்தும் பொம்மையாகப் பார்த்து வாங்கிவிட்டால் எஞ்சியவை ஒரு கோடை விடுமுறைக்குள் முடியும் வேலைதான்.